நீளச் சுவரே மேடை: வசதி குறைந்த பள்ளி ஹாலில் ஒரு நாடகம் – நிகழ்வு ஆய்வு

பள்ளி நாடகங்களில் பெரும்பாலானவை நாடகத்துக்காகக் கட்டாத இடங்களில்தான் நடக்கின்றன. காலையில் வழிபாடு, பகலில் தேர்வு, மாலையில் உடற்பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே ஹால்தான் நாடகத்துக்கும் கிடைக்கிறது. அங்கே ஒரு முழு அரங்கத்தின் சாயலை உண்டாக்க முயலும்போதுதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. முன்திரை, பக்கவாட்டுத் திரைகள், தொங்கும் மைக், முழு இருட்டு ஆகிய நான்குக்கும் ஹால் இடம் கொடுக்காது. நடிப்புப் பரப்பை எந்தச் சுவரோரம் வைப்பது, பார்வையாளரை எந்த உயரத்தில் உட்கார வைப்பது என்ற இரண்டு முடிவுகள் சரியாக இருந்தால், மீதிச் சிக்கல்களில் பாதி எழாமலே போகும் என்பதை இந்த ஆய்வு கணக்குகளோடு காட்டுகிறது.

இங்கே எடுத்துக்கொண்ட ஹால் குறிப்பிட்ட ஒரு பள்ளியினுடையது அல்ல. பரவலாகக் காணப்படும் அளவுகளைக் கொண்டு வரைந்த மாதிரி. உங்கள் ஹாலின் அளவுகளைப் பொருத்தி அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

ஹாலும் நாடகமும்

நீளம் 18 மீட்டர், அகலம் 12, கூரை உயரம் 4.5. சிமெண்ட் தரை, பூச்சுச் சுவர், தட்டையான கான்கிரீட் கூரை. இரண்டு நீளச் சுவர்களிலும் ஜன்னல்கள். ஒரு முனையில் சுவருக்குள் தள்ளிக் கட்டிய சிறிய மேடை: 6 மீ. அகலம், 3.5 மீ. ஆழம், 90 செ.மீ. உயரம். எதிர்முனைக் குறுஞ்சுவரில் நுழைவுக் கதவு, மேடைக்கு அருகே நீளச் சுவரில் இன்னொரு கதவு. உத்தரத்தில் எதையும் தொங்கவிட அனுமதி இல்லை, சுவரில் துளையிடவும் அனுமதி இல்லை. மேடைப் பக்கம் ஒரு மின்சுற்று மட்டுமே.

நாடகம் ஐம்பது நிமிடம். நடிப்போர் 24 மாணவர்கள், பின்னணி வேலைக்கு 6 பேர். பார்வையாளர் 128 பேர்.

இருக்கும் மேடையை ஏன் விட வேண்டும்

மேடை கட்டியே இருப்பதால் நாடகத்தை அங்கே போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 128 பேரை வரிசைக்குப் பத்துப் பேராக உட்கார வைத்தால் 13 வரிசைகள். மேடை விளிம்பிலிருந்து 2 மீ. தள்ளி முதல் வரிசை, வரிசைக்கு 90 செ.மீ. என்று வைத்தால் கடைசி வரிசை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டரில் இருக்கும். மேடையின் நடுவில் நிற்கும் நடிகரிடமிருந்து அது 15 மீட்டர்.

அடுத்து பார்வை. நாற்காலியில் உட்கார்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.18 மீட்டரில் இருக்கும். முன்னால் இருப்பவரின் உச்சந்தலை அதைவிட 12 செ.மீ. உயரம். இருவருக்கும் இடையே 90 செ.மீ. அந்தத் தலைக்கு மேலாகச் செல்லும் பார்வைக்கோடு ஒவ்வொரு மீட்டருக்கும் 13 செ.மீ. ஏறும். நடிகரிடமிருந்து 10 மீ. தள்ளி இருப்பவரின் பார்வை, நடிகர் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து 2.51 மீ. உயரத்தில் போய்ச் சேரும். மேடையின் 90 செ.மீட்டரைக் கழித்தால் 1.61 மீ. மிஞ்சும். 1.4 மீ. உயரமுள்ள மாணவர் முழுக்க மறைந்துவிடுவார். இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால்தான் காட்சி. பின்வரிசைப் பெற்றோர் எழுந்து நிற்பதை ஒழுங்கின்மை என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே எதுவும் தெரிவதில்லை.

இந்த மேடையை உயர்த்தினாலும் முழுப் பலன் கிடைக்காது. உயர்த்தும் ஒவ்வொரு பத்து செ.மீட்டருக்கும் பின்வரிசைக்குக் கிடைப்பது அதே பத்துதான், ஆனால் முன்வரிசைக்கு நடிகரின் பாதம் மறையும், கழுத்து வலிக்கும். சிறிய மேடைக்கு இன்னொரு குறையும் உண்டு. 6×3.5 மீட்டரில் 24 பேர் ஒன்றாக நின்றால் யாராலும் அசைய முடியாது.

நீளச் சுவரோரம் நடிப்புப் பரப்பு

நடிப்புப் பரப்பை ஒரு நீளச் சுவரின் நடுவில், தரையிலேயே வைக்கிறோம். அகலம் 7.2 மீ., ஆழம் 4.5 மீ. 12 மீ. அகலம் இப்படிப் பிரிகிறது: சுவரை ஒட்டித் திரைக்குப் பின்னே நடைபாதை 1.2, நடிப்புப் பரப்பு 4.5, முதல் வரிசைக்கு முன் இடைவெளி 1.0, ஐந்து வரிசைகளுக்கு 4.1, கடைசி வரிசைக்குப் பின் வழி 1.2. கூட்டினால் சரியாக 12. எங்கும் உபரி இல்லை என்பதால் வரிசைகளின் இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டு விடுவது கட்டாயம். நாற்காலி போடுபவர்கள் ஆளுக்குப் பத்து செ.மீ. தாராளமாக விட்டால் பின்வழி காணாமல் போகும்.

முன்பக்கம் 8 மீ. அகலத்தில் வரிசைக்கு 16 பேர், ஐந்து வரிசைகள், 80 பேர். இரண்டு பக்கங்களிலும் மூன்று வரிசைகள், வரிசைக்கு 8 பேர், பக்கத்துக்கு 24. மொத்தம் 128. யாரும் நடிப்புப் பரப்பின் நடுவிலிருந்து 8 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. 15 மீட்டர் 8 ஆகக் குறைகிறது. நேரடியாக வந்து சேரும் குரல் 5 முதல் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். எந்தக் கருவியும் வாங்காமல் கிடைக்கும் லாபம் இது.

பழைய மேடை வீணாகாது. அதன் திரையை மூடிவிட்டால் 24 பேருக்கான ஒப்பனை, உடை மாற்றும் இடம் ஆகிவிடும். பக்கத்துக் கதவு வழியாக வெளியேயும் போகலாம்.

முன்தொகுதிக்கும் பக்கத் தொகுதிகளுக்கும் இடையே இரண்டு மூலைகள் காலியாகக் கிடைக்கும். அவை மிக மதிப்புள்ளவை. நடிகர்கள் பார்வையாளர் நடுவிலிருந்து நுழையும் வழியும், விளக்குத் தூண்கள் நிற்கும் இடமும் அவைதான். அங்கே கூடுதல் நாற்காலி போடச் சொல்லிக் கடைசி நேரத்தில் யாராவது கேட்பார்கள். கொடுக்கக் கூடாது.

எந்த நீளச் சுவர் என்பது நாடகம் நடக்கும் நேரத்தைப் பொறுத்தது. பகல் காட்சி என்றால் அதிக வெளிச்சம் வரும் ஜன்னல்கள் முன்தொகுதியின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நடிகருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்து உருவம் மட்டும் தெரியும், எத்தனை விளக்கு போட்டாலும் சூரியனை வெல்ல முடியாது. இருட்டிய பிறகான காட்சி என்றால் வெளிச் சத்தம் குறைவாக உள்ள பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உட்காரும் உயரங்கள்

படிப்படியான அரங்கத்தைக் கட்ட முடியாது. ஆனால் பள்ளியில் இருக்கும் இருக்கைகளே வெவ்வேறு உயரத்தில்தான் இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தினால் சரிவு தானாக வரும்.

முதல் வரிசை தரையில் பாய்: சிறிய மாணவர்கள், கண் உயரம் 65 செ.மீ. இரண்டாவது வரிசைக்கு உடற்பயிற்சி மெத்தை அல்லது தடித்த திண்டு, கண் உயரம் 80. மூன்றாவது தாழ்ந்த பெஞ்சு, 98. நான்காவது சாதாரண நாற்காலி, 1.18 மீ. ஐந்தாவது அதே நாற்காலி, 22 செ.மீ. உயர மரப் பலகைத் தளத்தின் மேல், 1.40. முன்னால் இருப்பவரின் தலை ஒவ்வொரு வரிசையிலும் பார்ப்பவரின் கண்ணுக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. வரை இறங்கி இருக்கும். பார்வைக்கோடு மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது.

நடிப்புப் பரப்பின் நடுவில் நிற்பவரை இந்த வரிசைகளிலிருந்து பார்த்தால் எங்கிருந்து மேலே தெரியும்? இரண்டாம் வரிசைக்கு 51 செ.மீ., மூன்றாவதுக்கு 47, நான்காவதுக்கு 49, ஐந்தாவதுக்கு 61. அதாவது எல்லோருக்கும் ஏறத்தாழ முழங்காலிலிருந்து மேலே தெரியும். பழைய மேடையில் பின்வரிசைக்குத் தலையே தெரியாமல் இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

இந்த எண்ணிலேயே இயக்குநருக்கான கட்டளையும் இருக்கிறது. தரையில் படுப்பது, மண்டியிடுவது, தரையில் உட்கார்ந்து பேசுவது ஆகியவை நடுப்பரப்பில் நடந்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட காட்சியை 40 செ.மீ. உயரப் பெட்டிகளின் மேல் நடத்த வேண்டும். பிரதியை முதலில் படிக்கும்போதே இந்த இடங்களைக் குறித்துவிட வேண்டும். இறக்கும் காட்சி, தூங்கும் காட்சி, குழந்தை தவழும் காட்சி எல்லாம் இதில் சேரும்.

ஐந்தாம் வரிசைத் தளத்தில் ஓர் ஆபத்து உண்டு. நாற்காலியைப் பின்னால் சாய்ப்பவர் தளத்தின் விளிம்பைத் தாண்டி விழுவார். பின்விளிம்பில் 5 செ.மீ. உயர மரச்சட்டம் அறைய வேண்டும். இரண்டு தளங்கள் சேரும் இடத்தில் போல்ட்டு போட்டு இறுக்கவில்லை என்றால் நடுவே பிளவு விடும், நாற்காலிக் கால் அதில் இறங்கும். தளப் பலகை 18 மி.மீ. பிளைவுட், அடியில் 40 செ.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள். சக்கர நாற்காலிக்கு 90×140 செ.மீ. இடம் பக்கத் தொகுதியின் முன்முனையில், வழியை மறிக்காமல். பின்னால் ஒதுக்கினால் அவர் கண் உயரத்துக்கு முன்னால் தலைகள்தான் நிற்கும்.

குரல்: ஹால் ஏன் சொற்களை விழுங்குகிறது

கடினமான சுவர்கள் உள்ள ஹாலில் சத்தம் போதாமல் போவது அரிது. எதிரொலி நீண்டு நிற்பதுதான் சிக்கல். ஓர் எழுத்தின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்து அதன் மேல் விழுகிறது. உயிரொலிகள் நீண்டு நின்று மெய்யொலிகளை மூடிவிடுகின்றன. பேச்சின் பொருளைச் சுமப்பவை பெரும்பாலும் மெய்யொலிகள்தான்.

இதை முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்த ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஓர் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. சபைன் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை திண்டுக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னலின் பரப்பு. வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா.

அவருடைய சூத்திரத்தில் ஹாலின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். நமது ஹால் 972 கன மீட்டர். சுவர், தரை, கூரை மொத்தம் 702 ச.மீ., சராசரி உறிஞ்சல் 0.04 என்று வைத்தால் 28 அலகு. காலி ஹாலில் ஒலி அடங்க 5.6 விநாடி. 128 பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு 0.35 வீதம் 45 அலகு சேர்ந்து 2.1 விநாடி. நடிப்புப் பரப்பின் பின்னும் எதிர்ச் சுவரிலும் தலா 20 ச.மீ. மடிப்புத் துணி தொங்கவிட்டால் 16 அலகு கூடி 1.8. ஜன்னல்களில் 16 ச.மீ. திறந்தால் 1.5. தெளிவான பேச்சுக்கு ஒரு விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் 1.5 விநாடியில், 8 மீட்டருக்குள், நிதானமாகப் பேசினால் புரியும்.

காலி ஹால் 5.6, நிறைந்த ஹால் 2.1. ஒத்திகையில் நடக்கும் பெரிய தவறு இந்த வேறுபாட்டை மறப்பதுதான். ஆசிரியர் காலி ஹாலின் கடைசியில் நின்று கேட்கிறார், புரியவில்லை, “சத்தமாகப் பேசு” என்கிறார். மாணவர் கத்துகிறார். கத்தினால் எதிரொலியும் அதே அளவு பெரிதாகிறது, தெளிவு ஒரு துளியும் கூடாது. தொண்டை கட்டுவதுதான் மிச்சம். சொல்ல வேண்டியது வேறு: மெதுவாகப் பேசு, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதே, வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு நில். ஒத்திகையின் போது மற்ற வகுப்பு மாணவர்கள் அறுபது பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் ஹாலின் உண்மைக் குணம் தெரியும்.

மைக் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மூன்று பக்கமும் பார்வையாளர் இருக்கும்போது ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு மைக் அதைக் கேட்கும், விசில் அடிக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விசில் அடிக்கும் முன் கிடைக்கும் ஒலியளவு 3 டெசிபல் குறையும். நான்கு மைக் தொங்கவிட்டால் ஒரு மைக்கைவிட 6 டெசிபல் நட்டம். அருகில் உட்கார வைத்துப் பெற்ற லாபம் அத்தனையும் போய்விடும். ஸ்பீக்கர் இசைக்கும் ஒலிக்குறிப்புகளுக்கும் மட்டும், நடிப்புப் பரப்பின் பின்மூலைகளில்.

ஃபேன் சத்தம் மெய்யொலிகளை மூடும், ஆனால் ஃபேனை முழுக்க நிறுத்தவும் முடியாது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வருகிறது. நடிகர், பார்வையாளர், உதவியாளர் சேர்த்து 150 பேருக்கு மேல் என்றால் 15 கிலோவாட். விளக்குகளின் வெப்பம் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பார்வையாளர் வரும் வரை ஜன்னல்களைத் திறந்து ஃபேனை வேகமாக ஓட விட்டு, நாடகம் தொடங்கியதும் மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, இசை வரும் காட்சி மாற்றங்களில் கூட்டலாம். இதற்கென்றே ஒருவரை ஃபேன் சுவிட்சருகே நிறுத்த வேண்டும். ஐம்பது நிமிடத்துக்கு மேல் நாடகத்தை நீட்டாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

திரையும் சட்டமும்

சுவரில் துளையிட முடியாத இடத்தில் வழக்கமாக இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி போடுவார்கள். துணியின் எடையைப் பார்த்துத் தைரியம் கொள்ளும் தவறு இங்கே நடக்கிறது. 7.2 மீ. அகலத்துக்கு இரண்டு மடங்கு மடிப்பு என்றால் 14.4 மீ. துணி, உயரம் 2.7, ச.மீட்டருக்கு 300 கிராம் என்றால் மொத்தம் 12 கிலோ. கயிறு நடுவில் 20 செ.மீ. மட்டுமே தொய்ய வேண்டும் என்று இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு முனையிலும் இழுவிசை 54 கிலோவுக்குச் சமம். தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் 108. விறைப்பாகக் கட்டக் கட்ட இழுவை பெருகும். கொக்கி பிடுங்கிக்கொள்வது இதனால்தான். நாடகத்தின் நடுவில் யாரோ திரையை உரசும்போதுதான் அது நடக்கும்.

கயிற்றை விட்டுவிட்டுக் குழாய்ச் சட்டம் போட வேண்டும். 40 மி.மீ. இரும்புக் குழாயில் 2.7 மீ. உயரத் தூண்கள் நான்கு, அவற்றுக்கு மேல் 2.4 மீ. நீளக் குறுக்குக் குழாய்கள் மூன்று. மூன்று 2.4 சேர்ந்து 7.2. எடை நேராகக் கீழே இறங்குவதால் பக்கவாட்டு இழுவை இல்லை. ஒவ்வொரு தூணின் அடித்தகட்டிலும் 20 கிலோ மணல் மூட்டை. ஜன்னல் காற்றில் திரை பாய்மரம்போல் உப்பும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் இவ்வளவு எடை. திரையின் அடிமடிப்புக்குள் சங்கிலி அல்லது கனமான கயிறு தைத்துவிட்டால் உப்புவது குறையும். நடுத் தொங்கலில் இரண்டு துணிகள் 60 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய விட்டால் அதுவே நுழைவாயில்.

துணி கறுப்பு அல்லது அடர்நீலம். வெள்ளைத் துணியில் ஒவ்வொரு நிழலும் எழுதினாற்போல் தெரியும்.

வெளியேறும் கதவு எதையும் துணியால் மூடக் கூடாது. சிகாகோவின் இரோக்வா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று, விடுமுறைக் காலப் பகல் காட்சியில், மேடை விளக்கிலிருந்து திரைத் துணியில் தீ பற்றி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் குழந்தைகள். கதவுகள் பல பூட்டியிருந்தன, சில திரைச்சீலைக்குப் பின்னே மறைந்திருந்தன. எதிர்ச் சுவரில் ஒலிக்காகத் தொங்கவிடும் துணியும் கதவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கதவுகளிலும் பூட்டு திறந்திருப்பதைக் காட்சிக்கு முன் ஒரு பெரியவர் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். நடைவழிகள் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது.

விளக்கு

யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் வெளியிட்ட முறை இன்றும் பாடமாக இருக்கிறது. நடிகரின் முன்னால் இருபுறமும் 45 டிகிரி விலகி, 45 டிகிரி உயரத்திலிருந்து இரண்டு விளக்குகள், ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். நமது ஹாலில் மூலைத் தூணிலிருந்து நடுப்பரப்பு 5 மீட்டர். முகம் 1.4 மீ. உயரத்தில். 45 டிகிரி வேண்டுமானால் விளக்கு 6.4 மீட்டரில் இருக்க வேண்டும். கூரையே 4.5 மீ.தான். தூணில் 3.5 மீ. உயரத்தில் வைத்தால் கிடைப்பது 23 டிகிரி.

தாழ்ந்த கோணத்தின் விளைவு நீண்ட நிழல். 1.4 மீ. மாணவரின் நிழல் அவருக்குப் பின்னே 3.3 மீ. நீளும். திரைக்கு அருகே நின்றால் நிழல் திரையில் ஏறி அவரைவிடப் பெரிதாக ஆடும். ஆகவே திரையை ஒட்டிய ஒரு மீட்டர் வெறும் நடைவழி, அங்கே நின்று பேசக் கூடாது. மூலைகளிலிருந்து குறுக்காக அடிப்பதால் மீதி நிழல்கள் கோணலாகத் தரையில் விழுந்து கறுப்புத் துணியில் கரையும்.

எட்டு எல்இடி பார் (PAR எனப்படும் வட்ட முக மேடை விளக்கு) லைட்டுகள் போதும். முன்மூலைத் தூண்கள் இரண்டில் தலா மூன்று, திரைச் சட்டத்துக்குப் பின்னால் இரு முனைகளிலும் நிற்கும் தூண்களில் தலா ஒன்று. பின்விளக்கு தலைமுடிக்கும் தோளுக்கும் ஒளிக்கோடு கொடுத்துக் கறுப்புத் திரையிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும்.

மூன்று பக்கமும் பார்வையாளர் இருப்பதால் எதிர்ப்பக்கத் தொகுதியின் கண்களில் ஒளி அடிக்கும். கணக்கு இறுக்கமானது. 7 மீ. தள்ளி நிற்கும் நடிகரின் தலைக்குக் கிடைமட்டத்திலிருந்து 16 டிகிரி கீழே ஒளி போக வேண்டும். 10 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரின் கண் 13.5 டிகிரியில் இருக்கிறது. இடையில் இரண்டரை டிகிரிதான். விளக்கின் மேல்விளிம்பில் கறுப்பு அட்டையால் முகப்பு கட்டி, ஒருவரை அந்தப் பக்க நாற்காலியில் உட்கார வைத்து, கண் கூசாத வரை அட்டையை இறக்க வேண்டும். அட்டை எல்இடிக்கு மட்டும்தான். ஹாலஜன் விளக்கில் அது தீப்பிடிக்கும், அதற்கு உலோகத் தகடு வேண்டும், துணியிலிருந்து ஒரு மீட்டர் தூரமும் வேண்டும்.

மின்சாரம்: 230 வோல்ட், 6 ஆம்பியர் சுற்று என்றால் 1,380 வாட். அதில் 80 சதவீதம், அதாவது 1,100 வாட்டுக்கு மேல் போக வேண்டாம். 100 வாட் விளக்கு எட்டு, ஆம்ப்ளிஃபயர் 200, மொத்தம் 1,000. எல்லா எல்இடியையும் ஒரே சுவிட்சில் போட்டால் முதல் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில் எம்சிபி (மின்சுற்றைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளிலேயே விட்டுவிட்டால் சூடேறி உறை உருகும். முழுக்கப் பிரித்து, சுவரோரமாக ஓட்டி, நடைவழியைக் கடக்கும் இடத்தில் கதவுக்கு மேலாகத் தூக்கிக் கட்ட வேண்டும். விளக்குத் தூண்களின் அடியிலும் 20 கிலோ, ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதுகாப்புச் சங்கிலி.

முழு இருட்டை எதிர்பார்க்க வேண்டாம். காட்சி மாற்றத்தைப் பார்வையாளர் கண்முன்னேயே, ஒத்திகை பார்த்த அசைவாக, இசையோடு செய்வது நல்லது. அரை இருட்டில் பெட்டி தூக்கிக்கொண்டு இடித்துக்கொள்ளும் மாணவர்களைவிட அது அழகு, பாதுகாப்பும்கூட.

அரங்கப் பொருளும் நகர்வும்

12 மி.மீ. பிளைவுட்டில் 40 செ.மீ. கனசதுரப் பெட்டிகள் எட்டு. ஒரு பக்கம் திறந்திருந்தால் ஒன்று சுமார் 6 கிலோ, ஒரு மாணவர் தூக்கலாம். சிம்மாசனம், கட்டில், படகு, மதில் எல்லாம் இவைதான். ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும், அடியில் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். சிமெண்ட் தரையில் மரம் உரசும் சத்தம் வசனத்தைக் கொன்றுவிடும். நிற்கும் மறைப்பு வேண்டுமானால் 80 செ.மீ. அகலத்தில் மடக்குத் தட்டிகள். 1.2×2.4 மீ. பெரிய தட்டி கதவுக்குள் நுழைந்தாலும் தாழ்வாரத்தில் திரும்பாது.

மூன்று பக்கப் பார்வையாளருக்கு நடிக்கும்போது யாருக்காவது முதுகு தெரியத்தான் செய்யும். இருவர் பேசும் காட்சியில் எதிரெதிராக நேர்கோட்டில் நிற்காமல் மூலைவிட்டத்தில் நின்றால் முதுகு மூன்று பக்கத்துக்கும் பங்காகப் பிரியும். நீண்ட வசனத்தின் நடுவில் நோக்கத்தோடு ஒரு நகர்வு வேண்டும். கூட்டத்தை அரைவட்டமாக நிறுத்தும் பழக்கம் இங்கே உதவாது. அவர்களை மூன்று சிறு குழுக்களாகப் பிரித்து, விளிம்பில் உட்காரவும் வைக்கலாம்.

திரைக்குப் பின் நடைபாதை 1.2 மீ.தான். எதிரெதிராக இருவர் வந்தால் திரை அசையும். ஒருவழிப் பாதையாக வைப்பது எளிய தீர்வு: வலது முனையில் வெளியேறுபவர் பின்னால் போய் இடது முனையில் சேர வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் கூடாது. கைப்பொருள் மேசையில் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் டேப்பால் கட்டம் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், எந்தக் கட்டம் காலி என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஹால் கடைசி நாட்களில்தான் கிடைக்கும். அதுவரை 7.2×4.5 மீட்டரை மைதானத்தில் சாக்பீஸால் வரைந்து ஒத்திகை செய்யலாம். வகுப்பறையில் சுருக்கி வரைந்து பழகுவது கெடுதல். மாணவர்கள் அடிகளின் எண்ணிக்கையை உடம்பில் பதித்துக்கொள்கிறார்கள், பெரிய இடத்துக்கு வந்ததும் பாதி வசனத்தில் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் நிற்பார்கள். மைதானத்தில் மூன்று பக்கமும் சிலரை உட்கார வைத்து, முகம் தெரியாத நேரங்களில் கை தூக்கச் சொன்னால் எந்தக் காட்சியைத் திருத்த வேண்டும் என்பது உடனே புரியும்.

பொருத்தும் நாள்

ஹால் கையில் கிடைத்த நேரத்திலிருந்து கதவு திறக்கும் வரை இரண்டரை மணி நேரம்:

- 0:00 – தரையில் மூலைக் குறிகள், வரிசைக் கோடுகள்
- 0:15 – குழாய்ச் சட்டம், திரை
- 0:45 – விளக்குத் தூண்கள், ஒயர்கள்
- 1:15 – ஐந்தாம் வரிசைத் தளம், இருக்கைகள்
- 1:45 – ஆறு இடங்களில் ஆள் நிறுத்தி விளக்கைத் திருப்புதல், எதிர்ப்பக்கக் கண்கூச்சச் சோதனை
- 2:15 – ஒலி, கைப்பொருள், தரை துடைப்பு, கதவுச் சோதனை

உதவிக்கு வருபவர்கள் முதலில் நாற்காலிகளைத்தான் போடுவார்கள், கண்ணெதிரே இருப்பது அதுதான் என்பதால். பிறகு குழாய்களைக் கொண்டுவர இடம் இருக்காது, எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் போட அரை மணி நேரம் போகும். நாற்காலிகளை அந்த நேரம் வரும் வரை வெளித் தாழ்வாரத்திலேயே வைத்திருப்பது நல்லது.

பிரிக்கும்போது முதலில் மின்சாரத்தை அணைத்து, இருக்கைகள், தளம், விளக்கு, ஒயர், திரை, குழாய் என்ற வரிசையில் எடுக்க வேண்டும். மணல் மூட்டையைக் குழாய் இறங்கிய பிறகே அகற்ற வேண்டும். அவசரத்தில் மூட்டையை முதலில் தூக்கினால் 2.7 மீட்டர் இரும்பு யார் மேலாவது சாயும். அடுத்த நாளும் காட்சி இருந்தால் மூலைக் குறிகளைத் தரையிலேயே விட்டு, அவற்றின் மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிடலாம். காலை வழிபாட்டுக்கு வருபவர்களின் கால்பட்டும் அழியாது, மறுமாலை சட்டம் அதே இடத்தில் நிற்கும், விளக்கைத் திரும்பத் திருப்ப வேண்டியிருக்காது.